விளாம்பழ ஜாம் அருமை, போத்தல்தான் சரியில்லை

யாழ்ப்பாணத்தில் விளாம்பழ ஜாம் வாங்கப் போகிறவர்கள் முதலில் மூடியைப் பாருங்கள். திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட உள்ள ஒரு கடையில் இந்தமுறை வாங்கிய போத்தல்களில் பாதிக்கு மேல் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பனையோலைப் பெட்டி, நாடா, அட்டை எல்லாம் நல்ல வடிவு. எப்ப காய்ச்சினது என்று கேட்டால், “அது தெரியாதண்ணை, போன கிழமைதான் வந்தது” என்கிறார்கள். லண்டனில் சின்னப் பண்ணைக்கடை ஜாமிலும் 100 கிராமுக்கு எத்தனை கிராம் பழம் என்று எழுதியிருக்கும். ஆனால் இந்த மணமும் புளிப்பும் அங்கே எந்த ஜாமிலும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

பிழை காய்ச்சியவரில் இல்லை, பிளாஸ்டிக் போத்தலில். ஜாமை 85 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டோடு, சுடவைத்த கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, உடனே இறுக்கி மூடி, இரண்டு நிமிடம் கவிழ்த்து வைக்கவேண்டும். ஆறும்போது மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுபடும். வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். ‘டிக்’ என்று மேலும் கீழும் போனால் வாங்கவேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் போத்தல் அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். ஆகவே ஆறவிட்டு நிரப்புகிறார்கள். மிச்சச் சூட்டில் மூடிக்குள் ஆவி வியர்த்து, அந்தத் தண்ணீர் ஜாமின் மேல் சொட்டும். சொட்டிய இடத்தில் சீனி ஐதாகிவிடும், பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும்.

நேரம் இருந்தால் வீட்டிலேயே காய்ச்சலாம். பழத்தை ஒரு முழ உயரத்தில் இருந்து போட்டுப் பார்க்கிற பழைய முறை இன்றைக்கும் சரி: காய் துள்ளும், பழம் துள்ளாது. சதையின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கொட்டையும் தும்பும் போக அரிதட்டில் தேய்த்து அரியுங்கள். அரித்த கூழ் ஒரு கிலோவுக்குச் சீனி முக்கால் கிலோ போதும். விளாம்பழத்தில் பெக்டினும் (ஜாமை இறுகவைக்கும் பழச்சத்து) புளிப்பும் தாராளம், வேறொன்றும் சேர்க்கவேண்டாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அப்படியல்ல. முற்றப் பழுத்ததில் இரண்டும் குறைவு. கிலோவுக்கு இரண்டு தேசிக்காய்ச் சாறும், கொஞ்சம் செங்காயும் சேர்த்தால்தான் இறுகும். 105 பாகையில் இறக்குங்கள். தாண்டினால் டொபியாகும், அடியும் பிடிக்கும். வெப்பமானி இல்லாவிட்டால், குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளுங்கள். மேற்பரப்பு சுருங்கினால் பதம்.

விமானத்தில் கொண்டுபோவதென்றால், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட ஜாம் போத்தலைக் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில், பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடுப்புகளின் நடுவே வையுங்கள்.

றோஸ் பாணில் பட்டருக்கு மேல் பூசித் தின்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மேசைக்கரண்டி ஜாமைக் குளிர்ந்த கட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு சிட்டிகை உப்போடு கரைத்துக் குடித்துப் பாருங்கள்; விளாம்பழத்துக்கு அதைப்போல் பொருத்தம் வேறில்லை. பாலப்பத்தின் நடுவிலும் ஒரு கரண்டி விடலாம். லண்டனுக்குத் திரும்பிப் போனபின் முற்றிய செடார் சீஸோடு சாப்பிடுங்கள், அந்த உப்புக்கு இந்தப் புளிப்பு நன்றாக எடுபடும். திறந்த போத்தலுக்குள் ஈரக்கரண்டி மட்டும் போகக்கூடாது.