காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸா, விளம்பரத் தடுப்பானா?

வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு என்றதும் ஆண்டுச் சந்தா கட்டி ஆன்டிவைரஸ் வாங்குவதுதான் பலருக்கும் பழக்கம். ஆபத்து இணையதளங்கள் வழியாக வருகிற இந்தக் காலத்தில் அந்தச் செலவு தேவையில்லை என்பேன்.

விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். சந்தாவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் சேவை), பாஸ்வேர்டு பெட்டகம் போன்ற உபரிகள். பாதுகாப்பு தருகிறோம் என்று வருபவர்களையும் கொஞ்சம் பார்த்துத்தான் நம்ப வேண்டும்: பயனர்களின் பிரவுசிங் விவரங்களை விற்ற புகாரில் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னது.

இலவசமோ காசோ, ஆன்டிவைரஸின் முக்கிய வேலை வந்துவிட்டதைப் பிடிப்பது. பிரவுசரில் சேர்க்கும் விளம்பரத் தடுப்பானோ, விளம்பரம் வழியே வருவதைப் பெரும்பாலும் வரவே விடாது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி தளங்களிலேயே நச்சு விளம்பரங்கள் ஓடின. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. வீடியோ, அனிமேஷனுக்காக பிரவுசரில் இருந்த பழைய ஃபிளாஷ் போன்றவற்றின் ஓட்டை வழியே மால்வேர் (நச்சு மென்பொருள்) இறங்கியது. ‘நல்ல தளங்களுக்குத்தானே போகிறேன்’ என்பது அன்று யாரையும் காப்பாற்றவில்லை. பிரவுசரை உடனுக்குடன் அப்டேட் செய்வதும் விளம்பரத்தைத் தடுப்பதும்தான் அங்கே உதவியிருக்கும். அதனால் என் முதல் தேர்வு யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச விளம்பரத் தடுப்பான். ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக இயங்குகிறது. குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான். வலு குறைவு, ஆனாலும் போடுங்கள்.

டிஎன்எஸ் வடிகட்டி இன்னொரு வழி. தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; நச்சுத் தளம் என்றால் வடிகட்டி அந்த முகவரியைத் தராது. ரவுட்டரில் குவாட்9 என்ற இலவச டிஎன்எஸ் சேவையின் 9.9.9.9 என்ற முகவரியைக் கொடுத்தால், தெரிந்த நச்சுத் தளங்கள் வீட்டிலுள்ள போன், டிவி எதிலும் திறக்காது. ஆனால் நல்ல தளமே ஹேக் ஆகி, அதே முகவரியிலிருந்து மால்வேர் வந்தால் பெரும்பாலும் இது கைகொடுக்காது.

சரி, இவை எதையும் முழுதாக நம்ப முடியாத ஒரு மோசடி இப்போது பரவியிருக்கிறது. ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்’ என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பட்டனோடு ஆர், அப்புறம் கன்ட்ரோல் வி, பிறகு என்டர் அழுத்தச் சொல்லும். அழுத்தினால், அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் காப்பி செய்துவைத்த நச்சுக் கட்டளையை நம் கையாலேயே ஒட்டி ஓடவிட்டதாகிவிடும். உண்மையான கேப்ச்சா (மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) எதுவும் இப்படிக் கேட்காது. இதை இன்றே வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்துக் காட்டிவிடுங்கள்.