பந்தயத்துக்கு முன் மெத்தென்று அமுங்கும் பிரேக்: காற்று எடுக்க எந்த வழி நல்லது?

மண்பாதைப் பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாட்களே இருக்கும்போது முன்பிரேக் லீவர் கைப்பிடி வரை மெத்தென்று அமுங்கி வந்தால், பட்டறையில் நான்கு பேர் நான்கு வழி சொல்வார்கள். லீவரை அடித்து நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) வழியே, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்கச் சொல்வார் ஒருவர்; சிரிஞ்சால் கீழிருந்து மேலாக ஆயிலை ஏற்றச் சொல்வார் இன்னொருவர்; வேக்கம் பம்பால் உறிஞ்சிவிடலாம் என்பார் மூன்றாமவர்; லீவரை இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டால் போதும் என்பார் நான்காமவர். நான்கும் பயன்படும் வழிகளே என்றாலும், எல்லா வண்டிக்கும் எல்லாக் கோளாறுக்கும் பொருந்தும் ஒரே வழி அவற்றில் இல்லை. முன்பிரேக்குக்கு நான் சிரிஞ்சைத்தான் முதலில் சொல்வேன். பின்பிரேக்குக்கு முதலாமவர் சொல்லும் பழைய முறையே மேல்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் லீவர் என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை வேகமாக அடித்தால் லீவர் இறுகி, சற்று விட்டால் மீண்டும் தளர்ந்தால் உள்ளே காற்று இருப்பதாகவே பெரும்பாலும் கொள்ளலாம். அழுத்திப் பிடித்தபடி இருக்கும்போது லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், அது எங்கோ ஒரு கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பகுதி) சீல் தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை காற்று எடுத்தாலும் அந்தக் குறை தீராது, சீல் கிட் மாற்றியே ஆக வேண்டும். காலையில் உறுதியாக இருந்து, இறக்கங்களில் சூடேறிய பிறகு மட்டும் தளர்ந்தால், நீர் கலந்த பழைய ஆயில் கொதித்து ஆவியாகிறது என்று பொருள். இவை போக, வீல் பேரிங் ஆடினாலோ டிஸ்க் வளைந்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டு முதல் பிடி மட்டும் நீளும். இதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை.

காற்றுதான் காரணம் என்று உறுதியானால், முதலில் பழைய முறையைப் பார்ப்போம். லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளை எட்டாம் எண் ஸ்பேனரால் கால் திருப்பு திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதன் பிறகே லீவரை விடுவது. தனிக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு துண்டுக் குழாயும் பாட்டிலும் போதும். ஆனால் நேரம் பிடிக்கும். மேலே உள்ள தொட்டியில் ஆயில் ஒருமுறை வற்றிவிட்டால் முழு வேலையும் முதலிலிருந்து தொடங்கும். பல ஆண்டு ஓடிய வண்டியில் வேறொரு ஆபத்தும் உண்டு. வழக்கமாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கும். லீவரைக் கைப்பிடியில் முட்டும் வரை அடித்தால் சீலின் விளிம்பு அந்த இடத்தில் உரசிக் கிழியக்கூடும். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சிறு மரக்கட்டையை வைத்துக்கொண்டு அடிப்பது இதைத் தவிர்க்கும்.

சிரிஞ்ச் முறையின் பலம், காற்று எந்தத் திசையில் போக விரும்புகிறதோ அந்தத் திசையிலேயே அதை அனுப்புவதில் இருக்கிறது. முன்பிரேக்கில் கேலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) கீழேயும் மாஸ்டர் சிலிண்டர் மேலேயும் இருக்க, நடுவில் ஒரு மீட்டர் அளவுக்கு ஹோஸ் ஏறிச் செல்கிறது. லீவர் அடித்துக் காற்றைக் கீழே இறக்கும்போது குமிழி சற்று இறங்குகிறது, அடுத்த நொடி மீண்டும் மேலே ஏறுகிறது. சிரிஞ்சிலிருந்து மெதுவாக ஆயிலைத் தள்ளினால், குமிழிகள் தொட்டியில் ஒவ்வொன்றாக வந்து உடைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழுக்கக் காலியான, அல்லது புது ஹோஸ் போட்ட வண்டிக்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 அல்லது 60 மி.லி. சிரிஞ்ச் இதற்குப் போதும். பிரேக் ஆயில் பட்டு அதன் ரப்பர் உப்பிவிடும் என்பதால் அடுத்த முறைக்கு அதை எடுத்து வைக்க வேண்டாம்.

இந்த முறைக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு, அதை மறப்பவர்கள்தான் அதிகம். கேலிப்பரின் அடியில்தான் கறுத்த ஆயிலும் ரப்பர்த் துகளும் தங்கியிருக்கும். நேராகச் சிரிஞ்சால் தள்ளினால் அந்த அழுக்கு அத்தனையும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஏறி, ஊசிமுனை அளவே உள்ள துளையை அடைத்துவிடும். அந்தத் துளை அடைபட்டால் லீவரை விட்ட பிறகும் அழுத்தம் இறங்காமல் பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே இருக்கும். ஆகவே முதலில் பழைய முறையில் நிப்பிள் வழியே தெளிந்த ஆயில் வரும்வரை வெளியேற்றி, அதன் பின்னரே கீழிருந்து ஏற்ற வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் இந்த எச்சரிக்கை இருமடங்காகிறது. நம் ஊர் ராலிகளில் பலரும் ஓட்டும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியில் 276 மி.மீ. முன் டிஸ்க்கும் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ்ஸும் உள்ளன. அத்தகைய அமைப்பின் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், அதன் பம்பை இயக்கும் கருவி உள்ள சர்வீஸ் சென்டரே அதற்கு வழி.

வேக்கம் பம்ப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் மாற்ற அது நல்ல கருவி. காற்று எடுக்கவோ நம்பகமற்றது, ஏனெனில் நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்றையும் அது உறிஞ்சுவதால் குழாயில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததா இல்லையா என்பதே தெரியாது.

லீவரைக் கட்டி வைப்பது கடைசிப் பத்து சதவீதத்துக்கான வைத்தியம். அழுத்தத்தில் நுண்குமிழிகள் சுருங்கி இடம்பெயர்ந்து மேலே சேர, காலையில் கட்டை அவிழ்த்து லீவரைச் சிறிது சிறிதாகத் தட்டினால் அவை தொட்டிக்குள் வெளியேறும். சிரிஞ்ச் வேலை முடிந்த இரவில் இதைச் செய்தால் லீவர் இன்னும் கொஞ்சம் இறுகும். இதை மட்டுமே நம்பி, கைப்பிடி வரை அமுங்கும் லீவரோடு பந்தயத்துக்குப் போகக் கூடாது.

பின்பிரேக்கின் கதை வேறு. அங்கே மாஸ்டர் சிலிண்டரும் கேலிப்பரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், காற்று மேலே ஏறிவரும் என்ற கணக்கு செல்லாது. கேலிப்பரைக் கழற்றி, பேட்களின் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் உச்சியில் நிற்குமாறு சாய்த்துப் பிடித்துப் பழைய முறையில் அடித்தால் விடாப்பிடியான குமிழியும் வந்துவிடும். அதற்குப் பிறகும் பின்பெடல் பந்தயத்தின் பாதியில் காணாமல் போனால், பெடலில் விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா அசையும் தூரம்) இருக்கிறதா என்று பாருங்கள். சில மில்லிமீட்டர் விளையாட்டு இல்லாவிட்டால் பேட் உரசிக்கொண்டே இருந்து ஆயிலைக் கொதிக்க வைத்துவிடும்.

ஆயிலிலும் ஒரு தேர்வு இருக்கிறது. புதிய டாட் 4 வகை பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸிலும், 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் குறைந்தது 155 டிகிரியிலும் கொதிக்க வேண்டும் என்பது தரநிர்ணயம், டாட் 5.1 ஆயிலுக்கு இந்த எண்கள் 260, 180. எண்ணைப் பார்த்து 5.1 வாங்கத் தோன்றும். என் கருத்தில், சீல் உடைக்காத புது டாட் 4 பாட்டில் சாதாரணப் பந்தயத்துக்குப் போதும். திறந்து அலமாரியில் கிடந்த 5.1 ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அது வேண்டாம். எண் நெருக்கமாக இருக்கிறதே என்று சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலை மட்டும் இவற்றோடு சேர்த்துவிடாதீர்கள்.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் லீவரை உறுதியாக்கும் என்பது உண்மை, ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் சற்றே விரிகிறது. ஆயினும் பழைய ஹோஸ் வெடித்திருந்தாலொழிய, பந்தயத்துக்கு முந்தைய நாளில் அதை மாற்ற வேண்டாம். புதிய செம்பு வாஷர்கள், முழுக்கக் காலியான அமைப்பு, ஏபிஎஸ் பெட்டி என்று சோதிக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகும், சோதிக்க நேரம் இராது.

எந்த வழியில் முடித்தாலும், லீவரை முழு வலுவோடு அரை நிமிடம் பிடித்து நிப்பிளிலும் ஹோஸ் இணைப்புகளிலும் ஈரம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், பெயின்ட்டை அது அரிக்கும். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைக்கலாம். ஆயில் ஊறிய பேட்டை மாற்றிவிடுவதே சரி. பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்து, சூடேறிய நிலையிலும் லீவர் அதே இடத்தில் நின்றால் வண்டியை ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனைக்கு, எடுத்துச் செல்லலாம்.