பழைய மினியா, புதிய மினியா?

1959இல் பிரிட்டனில் வந்த முதல் மினி காரின் நீளம் 3.05 மீட்டர்தான். சூயஸ் கால்வாய் அடைபட்ட நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குறைவாகக் குடிக்கும் சின்னக் கார் வேண்டுமென்று கார் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் கேட்டார்கள். அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியிலேயே பொருத்தினார். இரண்டுக்கும் ஒரே ஆயில். 10 அங்குலச் சக்கரம், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு. இப்படி மிச்சம் பிடித்த இடமெல்லாம் பயணிகளுக்கே போனது, நாலு பேர் உட்காரலாம். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்கேதான் வைக்கின்றன.

2001இல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த மினி 3.6 மீட்டருக்கு மேல் நீளம், எடையும் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லை! இது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பாதுகாப்பில் பேச்சே வேண்டாம், புதியதுதான். ஏர்பேக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., மோதும்போது நசுங்கி அடியைத் தாங்கிக்கொள்ளும் முன்பகுதி என எதுவுமே முதல் மினியில் கிடையாது.

பழையதைக் கையால் பழுது பார்க்கலாம், புதியதற்குக் கோளாறைக் காட்டும் கணினி ஸ்கேனர் வேண்டும். ஆனால் பழையதில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால், கனமழையில் நனைந்து வண்டி நின்றுவிடும்.

குழந்தைகளோடு தினமும் போக வேண்டுமென்றால் புதியதை வாங்குங்கள். ஓட்டும் சுகத்துக்காக என்றால் எனக்குப் பழையதுதான். அதை வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்குமுன் தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.