பத்து ரூபாய் காசு உருண்டு போன ஸ்டிக்

சேலத்தில் பிள்ளைகளுக்கு ஹாக்கி ஸ்டிக் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 5,450 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அந்த ஒரு கடைக்கு மட்டும் போகாமல் இருப்பீர்கள், அவ்வளவுதான். இதே வேலையை எந்தக் கடையிலும் செய்யலாம்.

எனக்குத் தொழில் வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பட்டறை. கால் கிராம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அதனால்தான் வீட்டில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சிரிக்கிறார்கள்.

மகள் எட்டாம் வகுப்பு. 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்ததில்லையா, அதை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பள்ளி டீமில் சேர்ந்து டிஃபென்ஸில் ஆடுகிறாள். பள்ளிக்கூடத்து ஸ்டிக் வேண்டாம், சொந்தமாக வேண்டும் என்றாள். சரி, வாங்குவோம். ஆனால் விவரம் தெரியாமல் கடையில் போய் நிற்கக் கூடாது என்று முதல் நாள் ராத்திரி ஃபோனில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் முதல் சறுக்கல்.

பிளேடின், அதாவது பந்தை அடிக்கிற அடிப்பகுதியின் வளைவு எப்படி இருக்க வேண்டும், ‘லை’ எத்தனை என்று பார்த்து வாங்க வேண்டும் என்று போட்டிருந்தது. லை என்றால் கைப்பிடித் தண்டுக்கும் பிளேடுக்கும் நடுவில் உள்ள கோணத்துக்கு வைத்திருக்கிற எண். அஞ்சு, ஆறு என்று இருக்கும். நிமிர்ந்து நின்று ஆடுகிறவர்களுக்குப் பெரிய எண். இடது பக்கம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வளைவு, வலது பக்கத்துக்கு வேறு வளைவு. என் மகள் இடது கைக்காரி. ஆகா, நல்ல வேளை படித்தோம் என்று எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். அத்தனையும் ஐஸ் ஹாக்கிக்கு உரியது. படத்தில் தரையெல்லாம் வெள்ளையாக இருந்தது. பளிங்குத் தரை என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் கடை. சீட்டைப் பார்த்தபடியே கேட்டேன்.

“லை அஞ்சு இருக்குங்களா?”

“இருக்குங்க சார். அஞ்சும் இருக்கு, ஆறும் இருக்கு. பாப்பாவுக்கு அஞ்சு போதும்.”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்த மனிதர். நான் அடுத்ததைச் சொன்னேன், பொண்ணு இடது கைக்காரி என்று.

“முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? லெஃப்ட்டுக்கு வளைவே வேற சார்.” உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். ஸ்டிக்கரில் 37.5 என்ற எண்ணும் பக்கத்தில் ஆங்கில எழுத்து எல்லும் இருந்தன. அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். “பாருங்க, எல். லெஃப்ட். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும். 650 ரூபா சேர்த்து ஆகும்.”

அப்புறம் அவர் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டார். இது சாதாரண ஸ்டிக் இல்லை, லோ போ. இந்திய ஹாக்கி வீரர் ஹர்மன்பிரீத் சிங் மாதிரி டிராக் ஃபிளிக் போடலாம். 95 சதவீதம் கார்பன். லோ போ, லோ போ என்று மூன்று தடவை சொன்னார். முதல் ‘போ’விலேயே நான் கிளம்பிப் போயிருக்க வேண்டும். உயரம் அதிகமாகத் தெரிகிறதே என்று மகள் சொன்னாள். “வளர்ற புள்ளை, இப்பச் சின்னதா வாங்கினா அடுத்த வருஷம் மறுபடி வரணும்” என்றார். ஷூ வாங்கும்போது நாம் சொல்வதுதான். நானும் தலையாட்டினேன். 4,800, அதன் மேல் லெஃப்ட்டுக்கு 650. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரி மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது.

மூன்றாவது வாரம் ஏற்காட்டில் ஒரு பள்ளியோடு மேட்ச். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, வேனில் இரண்டு பேர் வாந்தி எடுத்து, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தோம். மகள் ஃப்ரீ ஹிட் அடித்தால் பந்து தரையில் போகவில்லை; முட்டி உயரத்துக்கு எழும்பியது. அம்பயர் விசில். அடுத்ததும் விசில். மூன்றாவது அடி எதிர் டீம் பெண்ணின் தொடையை உரசிக்கொண்டு போனது. ஹாக்கிப் பந்து 156-லிருந்து 163 கிராம் வரை எடை, கல் மாதிரி இருக்கும். அந்தப் பெண் தப்பியது அதிர்ஷ்டம். மகள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். கை சரியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

கோச் அவள் கையைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கை வாங்கி, தட்டையான பக்கம் கீழே படும்படி சிமெண்ட் திண்ணையில் கிடத்தினார். தலையும் கைப்பிடியும் திண்ணையைத் தொட, நடுவில் வில் போலத் தூக்கி நின்றது. “சார், பத்து ரூபா காசு இருக்குங்களா?” என்றார். டீக்கடையில்கூட வாங்க மாட்டேன் என்பார்களே, அந்தக் காசு. என் பையில் அதற்குப் பஞ்சமே இல்லை. செங்குத்தாக நிறுத்தி விரலால் சுண்டினார். ஸ்டிக்குக்கு அடியில் நுழைந்து, எதிலும் முட்டாமல், அந்தப் பக்கம் போய் விழுந்தது.

“காசு 27 மில்லிமீட்டர். இந்த இடைவெளி 25-ஐத் தாண்டக் கூடாதுங்கறது ரூல். இது ஆடற ஸ்டிக்கே இல்லீங்க சார்.”

அன்று அந்தத் திண்ணையில் அவர் சொன்னதுதான் இந்தப் பதிவில் உங்களுக்கு உபயோகமான பகுதி. நாம் மைதானத்தில் ஆடுகிற ஹாக்கி ஸ்டிக்குக்கு லை நம்பர் என்று ஒன்று கிடையாது. இடது கை ஸ்டிக்கும் கிடையாது. தட்டையான முகம் இடது பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும், உலகத்தில் எல்லோருக்கும் அதே ஸ்டிக்தான். பிடியில் இடது கைதான் மேலே நின்று ஸ்டிக்கைத் திருப்புகிறது, அதனால் இடது கைக்காரிக்கு இதில் லாபமே ஒழிய நஷ்டம் இல்லை என்றார். சரி, அந்த எல்? ‘லைட்’ என்பதற்கு எல். எடை குறைந்தது என்று அர்த்தம். 650 ரூபாய்!

இங்கே வளைவு என்றால் ஸ்டிக்கின் நீளவாக்கில் இருக்கிற அந்த வில். ஆங்கிலத்தில் அதற்குத்தான் போ என்று பெயர். எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில் அதிகம் வளைந்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வளைவின் உச்சி தலையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது. அந்த எல்லையை ஒட்டி இருந்தால் லோ போ. தலைக்குப் பக்கத்திலேயே வளைந்துவிடுவதால், பந்தில் படும்போது முகம் லேசாக வானத்தைப் பார்த்து நிற்கும். பந்தை அள்ளித் தூக்கி எறிகிற டிராக் ஃபிளிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். தரையோடு தரையாகப் பாஸ் கொடுக்கவும், வருகிற பந்தை நிறுத்தவும் பழகுகிற பிள்ளைக்கு அதுவே வினை. பழகுகிறவர்களுக்கு உச்சி இன்னும் மேலே, தண்டின் நடுப்பகுதியை நோக்கி இருக்கிற மிட் போ போதும். கார்பன் கூடக் கூட ஸ்டிக் விறைப்பாகும். அடி பலமாகப் போகும், ஆனால் பந்து கையில் பேசாது. பிள்ளைகளுக்குக் கார்பன் குறைவாக இருந்தால்தான் நல்லது. உயரத்துக்கு, ஸ்டிக்கைக் காலோடு ஒட்டி நிறுத்தினால் நுனி இடுப்பெலும்பு வரை வர வேண்டும். என் மகளின் உயரம் 4 அடி 10 அங்குலம். 37.5 அங்குல ஸ்டிக்கின் நுனி அவள் வயிற்றைக் குத்திக்கொண்டிருந்தது. வீட்டிலேயே பார்த்திருக்கலாம்.

இறங்கி வந்ததும் நேராகப் பட்டறை. தராசில் போட்டேன். ஸ்டிக்கரில் 530 கிராம், தராசில் 618. வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்ததில் இடைவெளி 28.4 மில்லிமீட்டர், உச்சி தலையிலிருந்து 180-இல். பட்டறைப் பையன் எட்டிப் பார்த்து, “அண்ணா, உரசிப் பார்த்துட்டு வாங்கியிருக்கலாம்ல?” என்றான். அவனுக்கு அன்று டீ கிடையாது.

கடைக்குப் போனேன். திரும்ப வாங்க மாட்டார்களாம், சீட்டிலேயே போட்டிருக்கிறதாம். பில்லே தராதவர் சீட்டைக் காட்டுகிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. நான் போனது 23-ஆவது நாள். இதைச் சொன்னதும், வேண்டுமானால் அதே விலைக்குக் கிரிக்கெட் பேட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபடியே நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிவு செய்தேன். தமிழில் பேசினார்கள், புகார் எண் வந்தது. ஜிபே செய்ததால் பணம் போனதற்குச் சாட்சி இருந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேனோ.

இப்போது மகள் ஆடுவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் போன அக்கா ஒருத்தியின் பழைய ஸ்டிக். 35 அங்குலம், மிட் போ, 1,100 ரூபாய். பெயிண்ட் பாதி உதிர்ந்திருக்கிறது. பந்து தரையில் போகிறது.

நேற்றுச் சாயங்காலம் கடைக்காரரே ஃபோன் செய்தார். புகார் அவரிடம் போயிருக்கும், பணத்தைக் கொடுத்துவிடுவார் என்றுதான் எடுத்தேன்.

“சார், கோவிச்சுக்காதீங்க. லை ஆறாம் நம்பர் வந்திருக்கு, லெஃப்ட்டே வந்திருக்கு. பழசைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்.”