ரிச்சி ஸ்ட்ரீட் எல்இடி ரோலும் என் ஐசிஎஃப் பெட்டிகளும்

மாடல் ரயில் பெட்டிக்கு உள்விளக்கு போட கம்பெனி கிட்தான் வேண்டுமா, 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் போதாதா? சால்டரிங் பழகிய கை என்றால் ஸ்ட்ரிப்பே போதும் என்பேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு 5 மீட்டர் ரோல் கிடைக்கிறது. என் ஹெச்ஓ (1:87 அளவு) வண்டிக்கு ஒரு ரோலில் 25 பெட்டி தேறும்.

கணக்கு இதுதான். ஐசிஎஃப் (சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர், 1:87 அளவில் 24.5 செ.மீ. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பை மூன்று எல்இடிக்கு ஒருமுறை, அதாவது 5 செ.மீ.க்கு ஒருமுறைதான் வெட்டலாம். நாலு துண்டு சேர்ந்தாற்போல் வெட்டி கூரைக்குள் ஒட்டினால் இரண்டு முனையிலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். கழிவறையும் வாசலும் அங்கேதானே? மங்கலாக இருந்தால்தான் நம்மூர் பாசஞ்சர் மாதிரி இருக்கிறது.

வாங்கும்போது, “அண்ணா, கொஞ்சம் எரிய வச்சு காட்டுங்க” என்று கேளுங்கள். வார்ம் ஒயிட் என்று எழுதியிருந்தாலும் ரோலுக்கு ரோல் நிறம் மாறுகிறது. ஒரே வண்டியில் ஒரு பெட்டி மஞ்சள், அடுத்தது நீலம் என்றால் பார்க்கச் சகிக்காது. சிலிக்கோன் பூசிய ரகம் வேண்டாம். செம்புப் பட்டையில் ஈயம் வைக்க அதைச் சுரண்டியே பொழுது போய்விடும். பின்பக்கப் பசை சென்னை வெயிலுக்குத் தாங்கவில்லை, சிங்கிள் மார்க் கூட போட மாட்டேன். இரண்டு முனையிலும் ஒரு சொட்டு ஹாட் க்ளூ வைத்தபின் அசையவில்லை.

டிசிசி (மாடல் ரயிலை டிஜிட்டலாக இயக்கும் முறை) தண்டவாளத்தில் வருவது 15 வோல்ட் அளவுக்கு, திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம். அதனால் அதை ஒரே திசையாக்க சின்ன பிரிட்ஜ் ரெக்டிஃபயர் கட்டாயம். அதோடு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் பெட்டி கல்யாண மண்டபம்போல ஜொலிக்கும். ரெசிஸ்டர் போட்டால் மொத்தமே 5 மில்லிஆம்பியர்தான் இழுக்கிறது, ஜன்னலில் அளவான வெளிச்சம்.

குறைவாக இழுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அழுக்குத் தண்டவாளத்தில் சக்கரம் ஒரு கணம் தொடர்பு விட்டாலும், ரெக்டிஃபயருக்குப் பின்னால் வைத்த 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் அரை நொடிக்குக் கிட்ட தாங்கிப் பிடிக்கிறது. முழு வெளிச்சத்தில் விட்டிருந்தால் அதே கெப்பாசிட்டர் கண் சிமிட்டும் நேரம்கூட நிற்காது. கெப்பாசிட்டருக்குப் போகும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். இல்லையென்றால் பல பெட்டிகள் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும்போது ஷார்ட் என்று நினைத்து, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அணைந்துவிடலாம்.

சால்டரிங் வராதவர்களுக்கு ராபிடோ என்ற மாடல் ரயில் கம்பெனியின் ஈஸி பீஸி கிட் இருக்கிறது. பேட்டரியில் எரியும், காந்தக் குச்சியைக் காட்டினால் அணையும். மினுக்கல் அறவே இல்லை, ஆனால் பேட்டரி தீரும்போதெல்லாம் கூரையைக் கழற்ற வேண்டும்.

பெட்டியின் உடல் பிளாஸ்டிக் என்றால் உள்சுவருக்கு முதலில் கருப்பு, அதன்மேல் வெள்ளை அடித்துவிடுங்கள். வெறுமனே விட்டால் ஜன்னலோடு சேர்ந்து சுவரும் ஒளிரும்.