தாராவியில் அம்மாவின் சுகருக்கும் பிரஷருக்கும் இலவச கிளினிக்: சில வருட அனுபவம்

அம்மாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. சில வருடங்களாக மாத்திரை, டெஸ்ட் எல்லாமே எங்கள் சந்துக்குப் பக்கத்தில் இருக்கும் இலவச கிளினிக்கில்தான். போகலாமா என்று தாராவியில் பலர் கேட்கிறார்கள். கண்டிப்பாகப் போகலாம்.

அம்மா இட்லி போட்டு விற்பவர். இங்கே நம்ம ஊர்ப் பெண்கள் பலருக்கும் அதுதான் பிழைப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். நடுவில் ஒரு டீயாவது குடிக்காமல் அந்த ஆவியில் நிற்க முடியாது. முன்பு பார்த்த தனியார் டாக்டர் ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்வார். எட்டு மணிக்கு லேப் திறக்கும்போது அம்மா பாதி நாள் வேலையை முடித்திருப்பார். அதனால் டெஸ்ட் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இந்த கிளினிக் டாக்டர் முதலில் கேட்டதே எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றுதான். அப்புறம் எச்பிஏ1சி டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சுகர் சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டிவிடும். பொதுவாக 7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். வயதானவர்களுக்கு சுகர் திடீரென்று இறங்கினால் ஆபத்து என்பதால் கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு. சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினையும் அம்மா நிஜமாகவே சாப்பிட உட்காரும் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

பிரஷருக்கு முதலில் அம்லோடிபின். சில மாதத்தில் கணுக்கால் வீங்கியது. நின்றே வேலை செய்வதால் என்று நாங்கள் நினைத்தோம். நர்ஸ் விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. அந்த மாத்திரைக்கே வீக்கம் வருவதுண்டு என்று சொல்லி, டாக்டர் டெல்மிசார்டனுக்கு மாற்றினார்; சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் அளவைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்ததும் அதே நர்ஸ்தான். சுகர்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போனால் சூடு பட்டால்கூடத் தெரியாது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவருக்கு இது எவ்வளவு முக்கியம்!

வீட்டுக்கு வந்து பார்க்கும் தன்னார்வலர் பெண் நம்ம தமிழ்ப் பெண். "பெரியம்மா, மாத்திர போட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, அப்புறம்தான் பிரஷர் பார்ப்பார். உப்பைக் குறை என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள்; கருவாடு வாரத்துக்கு எத்தனை நாள், ஊறுகாய் எவ்வளவு என்று கேட்டது இவர் ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஆளுக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் உப்பு, அதாவது 5 கிராமுக்குள், என்று ஸ்பூனை எடுத்துக் காட்டினார்.

குறையும் உண்டு. மாத்திரை சில மாதம் ஸ்டாக் இருக்காது, வெளியே வாங்கச் சொல்வார்கள். அது சரியில்லை. மாத்திரை தீர்ந்த அன்றே கடைக்குப் போகக் கையில் காசில்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். அந்த மாதிரி சமயத்தில் குறைந்த விலையில் மாத்திரை விற்கும் அரசுத் திட்டத்தின் ஜன் ஔஷதி கடைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. டாக்டர் மாறும்போதும் சிக்கல். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார். பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பைலில் வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு வந்தது; மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு அது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். எங்கள் சந்தில் ஆச்சிமார் சிலர், இனி மாத்திரைக்கும் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அது ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால்தான் உதவும். மாதாமாதம் மாத்திரைக்கு இந்த மாதிரி கிளினிக்தான் வழி. கார்டும் எடுங்கள், இங்கேயும் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

பகலில் வேலையை விட்டு வர முடியாதவர்கள், 2022-லிருந்து மும்பையில் மாநகராட்சி திறந்த ஆப்லா தவாகானா என்ற இலவச கிளினிக்குகளில் மாலை நேரமும் நடப்பது எது என்று விசாரித்துப் போங்கள்.