செந்தூல் குழந்தைகள் கிளினிக்: டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு ஊசி போட நம்பி போகலாம்

எங்க மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், சளி புடிச்சா நேரா நெஞ்சுக்கு இறங்கிடும், அதனால தடுப்பூசி விஷயத்துல நாங்க ரொம்ப கவனம். கோலாலம்பூர் செந்தூல்ல, கடை வரிசைக்கு மேல்மாடியில இருக்குற சின்ன கிளினிக்தான், ஆனா டாக்டரம்மா அவ்ளோ பொறுமை. இந்த பிள்ளைங்களுக்கு நோய எதிர்க்குற ரத்த அணுக்களான டி செல், பி செல் ரெண்டுமே கம்மி, அதனால சில ஊசிக்கு ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு உருவாக்குற புரதம்) மத்த பிள்ளைங்க அளவுக்கு ஏறாது, ஆனா ஏறும், பாதுகாப்பு கிடைக்கும், அதனாலயே ஒண்ணையும் விட்டுடக் கூடாதுன்னு பேப்பர்ல படம் போட்டு காட்டினாங்க. முன்ன போன வேற ஒரு இடத்துல "இந்த மாதிரி பிள்ளைக்கு எதுக்கு இத்தன ஊசி"ன்னு கேட்டாங்க, அந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கல.

பாப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன்ல ரத்தம் ஏத்தினாங்க. அது எந்த மாசம்னு இவங்கதான் முதல்ல கேட்டாங்க. ஏத்தின ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடி, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கு போடுற எம்எம்ஆர் ஊசிய வேலை செய்ய விடாதாம், அதனால தேதிய தள்ளி பாப்பாவோட தடுப்பூசி புக்ல எழுதிக் குடுத்தாங்க. நிமோனியா மாதிரி நோயத் தடுக்குற நிமோகாக்கல் ஊசி 2020 டிசம்பர்ல இருந்து மலேசிய அரசாங்க தடுப்பூசி அட்டவணையில இருக்கு, கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) இலவசமா போட்டுக்கோங்கன்னு அவங்களே அனுப்பினாங்க, காசு பாக்குறவங்க அப்படி சொல்லுவாங்களா? ஃப்ளூ ஊசி மட்டும் வருஷா வருஷம் இங்கதான்.

நர்ஸ் அக்கா "தங்கம், அக்காவ பாரு"ன்னு பேசிக்கிட்டே போட்டு முடிச்சிடுவாங்க.

குறைன்னா லிஃப்ட் இல்ல, பிள்ளைய தூக்கிட்டுதான் படி ஏறணும். சனிக்கிழமை பார்க்கிங் ரொம்ப கஷ்டம் லா, வாட்ஸ்அப்ல புக் பண்ணிட்டு வார நாள்ல போங்க.